சிவப்புக் குடுவை

கடற்கரையில் கூடாரம் அடித்து ஒரு நாள் தங்கலாம் என்று ஆதி சொன்னபோது என் காதையே நான் நம்பவில்லை. கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் அவர் லீவு போட்டது என் தம்பி கல்யாணத்துக்கு ஒரு தடவை, மஞ்சள்காமாலைக்கு ஒரு தடவை. மற்ற நாளெல்லாம், கரை காக்கும் துறையில் இன்ஜினியரான அவருக்கு மணல்தான் பெண்டாட்டி. நான் திருச்செந்தூர் கோர்ட்டில் வக்கீல். ஊரார் புருஷன்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டே பழகியவள், சொந்தப் புருஷன் சிரித்துக்கொண்டு கூப்பிட்டதும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

இடம் அழகுதான், அதை மறுக்க முடியாது. உடன்குடிக்குத் தெற்கே செம்மண் தேரி மேடாக எழுந்து, பனைகளோடு சரிந்து, வெள்ளை மணலில் வந்து முடிகிறது. மணலுக்கு அப்பால் கறுப்புப் பாறைகள், அவற்றுக்கு நடுவே கண்ணாடி போலத் தெளிந்த குட்டைகள். வடக்கே கரை வளைகிற இடத்தில் சிலுவைத்துறை மாதா கோயிலின் கோபுரமும் அதை ஒட்டிய வீடுகளும் தெரியும். பத்து வருடத்துக்கு முன்பு இங்கே கூடாரம் அடிக்கிறேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். கடல் அப்போது கரையைத் தின்றுகொண்டிருந்தது. சிலுவைத்துறையில் மூன்று தெருக்களும் பாதிக் கல்லறைத் தோட்டமும் உள்ளே போயின. அதை நிறுத்தியது ஆதியின் சாந்து.

துறையில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. சாந்து என்பது ஊர் வைத்த பெயர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் அது, மணலோடு கலந்து தூங்கிக்கொண்டிருக்கும். இனிப்பும் சுண்ணாம்பும் ஒன்றாகக் கிடைத்தால் விழித்துக்கொண்டு, மணலை மணலோடு ஒட்டிக் கல்லாக்கிவிடும். லாரியில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து கரையில் ஊற்றினார்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சுவர் தானாக எழுந்தது. கருப்பட்டியும் சுண்ணாம்பும் சேர்த்து வீடு கட்டிய ஊர்க்காரர்கள் அதைச் சாந்து என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்.

நாங்கள் கூடாரம் அடித்து முடிப்பதற்குள் பனிமயம் அக்கா விளமீனோடு வந்துவிட்டார். சிலுவைத்துறையில் மீன் ஏலம் விடுகிறவர், ஊர்க் கமிட்டித் தலைவி. இடுப்பில் கை வைத்து ஆதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன இன்சினியரு தம்பி, ஒங்க சாந்து மேலயே வந்து படுத்துட்டிய?"

"இது சாந்து முழிக்காத எடம்க்கா. இங்க வெறும் மணல்தான். உயிரு உள்ள தூங்குது, அவ்வளவுதான்."

"தூங்கட்டும், தூங்கட்டும். செவப்புக் குடுவை கைவசம் இருக்குல்லா?"

"ஜீப்புலதான் இருக்கு."

"இருக்கணும். அத நம்பித்தான கைநாட்டு வச்சோம்." என் பக்கம் திரும்பினார். "கள்ளக்கடல் வருதுன்னு எச்சரிக்கை குடுத்துருக்காவ பிள்ள. காத்தே இருக்காது, தண்ணி மட்டும் ஏறி வரும். பொழுது சாயிறதுக்குள்ள டென்ட மேட்டுக்கு மாத்திருங்க."

அந்தக் குடுவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாந்து போடுவதற்கு முன் கோயில் வளாகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பனிமயம் அக்கா எழுந்து, "கட்டுறதெல்லாம் சரி. வேண்டாம்னா அவுக்க முடியுமா?" என்று கேட்டார். ஆதி ஒரு சிவப்புக் குடுவையைத் தூக்கிக் காட்டினார். "இது கரைப்பான். கொஞ்சம் ஊத்தினா போதும், தானா பரவி மொத்தக் கரையையும் பழைய மணலா ஆக்கிரும். பொறுப்பு இன்சினியர் எப்பவும் இதக் கூடவே வச்சிருக்கணும்னு விதி." அன்றைக்கே ஊர் சம்மதித்தது. என் புருஷனைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மீன் பொரித்துச் சாப்பிட்ட பிறகு நான் பாறைக் குட்டையில் இறங்கினேன். அடியில் கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு உருண்டைப் பிராணி. பார்க்காமல் மிதித்துவிட்டேன். உள்ளங்காலில் முட்கள் ஏறி ஒடிந்துகொண்டன. ஆதி ஊசியோடு வந்தார். நான் காலைத் தொட விடவில்லை.

எங்கள் பக்கத்தில் முள் குத்தினால் என்ன செய்வோம் என்று எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். கருப்பட்டியையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டால் முள் தானாக வெளியே வரும். என் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்காது, சுண்ணாம்பு டப்பி இருக்கும். காப்பிக்குக் கொண்டுவந்த கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துக் குழைத்தேன். பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றினேன். ஆதி அப்போது அடுப்புப் பக்கம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் பதறியிருப்பார். பார்க்கவில்லை.

பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஈரமணல் இதமான சூட்டில் இருந்தது. சூடு பட்டால் வலி குறையும். பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்கால்வரை மணலை இழுத்து மூடிக்கொண்டேன். ஆதி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்தபோது கண் சொக்கியது, மீதி டம்ளரோடு மணலில் கவிழ்ந்தது. வலி போய்விட்டது. அந்த நிம்மதியில் தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலை இழுத்தேன், வரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று மணலைத் தள்ளினேன். மேலே ஒரு விரற்கடை மணல் நகர்ந்தது. கீழே நகம் கல்லில் இடித்தது.

ஆதியைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார், குனிந்து தொட்டார், சிரிப்பு போய்விட்டது.

"கால்ல என்ன போட்ட?"

"பத்து."

"என்ன பத்து கனி?"

சொன்னேன். அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிப்பக் கீழ கொட்டாதன்னு போர்டே வச்சிருக்கோம்."

"சுண்ணாம்பு கொண்டுவராதேன்னு வைக்கலையே?"

"கடற்கரைக்கு எவன் ரெண்டையும் சேத்துக் கொண்டுவருவான்னு நெனச்சோம்."

"நீங்களும் உடன்குடிதானே. முள்ளு குத்தினா உங்க அம்மா என்ன போடுவாங்க?"

இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்ததில் ஒருவருக்குக்கூடத் தன் வீட்டு அடுக்களை ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து இந்தச் சாந்தைப் பற்றி முழுசாகக் காதில் வாங்கியவள் நான்.

அவர் கூடாரத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு அடியும் எலும்பில் வந்து விழுந்தது. ஆட்டுரல் அளவுக்குக் கல் என் காலைச் சுற்றி இறுகி, கீழே பாறையோடு சேர்ந்திருந்தது. ஜீப்புக்கு ஓடிப்போய், அதில் கிடந்த போனில் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசிவிட்டுத் திரும்பினார். கள்ளக்கடல் எச்சரிக்கை இருப்பதால் படகு எடுக்க மாட்டார்களாம். கல் வெட்டும் இயந்திரம் தூத்துக்குடியிலிருந்து வரவேண்டுமாம். அவர் பேசும்போதே என் இடுப்பு நனைந்தது. காற்று துளிகூட இல்லை. தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் பாறைக்குள் வந்து நின்றது.

நான் கத்திய கத்தலில், வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த சவேரி ஓடிவந்தார், பனிமயம் அக்காவின் கொழுந்தன். பார்த்ததும் திரும்பி ஓடி, கடப்பாரையோடு தன் மைனி பனிமயம் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடப்பாரையால் ஓரத்தில் குத்தியபோது சில்லுதான் தெறித்தது.

"மைனி, இது ஒடயும். ஆனா காலோட சேத்துத்தான் ஒடயும்," என்றார்.

அப்போதுதான் எனக்குக் குடுவை ஞாபகம் வந்தது. இத்தனை நேரம் வராதது எனக்கே ஆச்சரியம்.

"ஆதி, கரைப்பான். ஜீப்புல இருக்கே, எடுத்துட்டு வாங்க."

அவர் நகரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், வடக்கே ஊரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அத ஊத்தினா இந்தக் கல்லோட நிக்காது கனி. பரவும். சிலுவைத்துறைச் சுவரும் கரைஞ்சிரும். இன்னைக்குக் கள்ளக்கடல். சுவர் இல்லன்னா ஒரு வீடு மிஞ்சாது."

தண்ணீர் வயிற்றுக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெருமையாக இருந்தது. பெண்டாட்டி கல்லில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள், இந்த மனுஷன் நானூறு வீடுகளை நினைக்கிறார். இப்படிப்பட்டவரையா மணலைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று இத்தனை வருடம் திட்டினேன் என்று நினைத்தேன். "சரி, வேண்டாம்," என்றுகூடச் சொன்னேன். நான் சொன்னதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெருமை நெஞ்சுவரைதான் தாங்கியது. தண்ணீர் நெஞ்சுக்கு மேலே வந்து, ஒரு அலை வாய்க்குள் புகுந்து, மூச்சு முட்டி இருமியபோது எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. உயிர் வேண்டும், அவ்வளவுதான். சவேரி என் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் ஆதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"ஊத்துங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். ஊரு போனா போகட்டும். என்ன எடுங்க."

பனிமயம் அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஊர் போகட்டும் என்று, அந்த ஊர்க்காரர் என் தலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

ஆதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "முடியாது கனி. முடியாது."

பனிமயம் அக்கா பாறை மேல் ஏறினார். மடியிலிருந்து போனை எடுத்துப் பேசினார். அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "பிள்ளைகள மொதல்ல ஏத்து… சாமான எடுக்காதிய, ஆளு மட்டும்… ஆமா, தேரி மேட்டுக்கு… மணியடிக்கச் சொல்லு." கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. சாய்ந்த வெயிலில் தேரி நெருப்பாகச் சிவந்திருந்தது. அதன் சரிவில் ஜனங்கள் ஏறுவதைக் கழுத்துவரைத் தண்ணீரில் கிடந்தபடி பார்த்தேன். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயசானவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு, வரிசையாக ஏறினார்கள். யாரும் ஓடவில்லை.

அக்கா இறங்கி வந்து, இடுப்பளவு தண்ணீரில் ஆதிக்கு எதிரே நின்றார்.

"ஊர் மேட்டுக்கு ஏறிட்டு தம்பி. போயி அந்தக் குடுவைய எடுத்துட்டு வந்து ஊத்துங்க."

"அக்கா, வீடெல்லாம் போயிரும்."

"வீடுதான போகும். மூணு தெரு முன்னமே போச்சு, நாங்க செத்தா போனோம்? ஒரு பொம்பள கண்ணு முன்ன சாவ, வீட்டக் காப்பாத்திட்டு அதுக்குள்ள எப்பிடிப் படுக்க?"

ஆதி அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோர்ட்டில் அந்த மாதிரி முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசிச் சாக்கும் போன பிறகு சாட்சிக்கு வரும் முகம் அது. ஆனால் இந்த முகத்தில் அதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா காத்திருக்கவில்லை. கரையேறி ஜீப்புக்குப் போய், இருக்கைக்கு அடியிலிருந்த குடுவையை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திருகினார். ஆதி இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். கையை நீட்டினால் தடுத்திருக்கலாம். நானூறு வீட்டுக்காகப் பெண்டாட்டியைச் சாக விடத் துணிந்தவர் ஒரு கையை நீட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் குனிந்து, குடுவையைக் கல்லோடு சேர்த்துக் கவிழ்த்தார். நிமிர்ந்து காத்திருந்தார். சவேரி காத்திருந்தார். கல் கல்லாகவே இருந்தது. அக்கா குடுவையின் வாயில் மிஞ்சியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புத் தண்ணி," என்றார்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"கரைப்பான் வரல," என்றார் ஆதி. குரல் யாருடையதோ போல இருந்தது. "எவ்வளவோ முயற்சி பண்ணோம். கட்ட முடிஞ்சுது, அவுக்க முடியல. அவுக்க முடியாதுன்னு சொன்னா அனுமதி கிடைக்காது. ஊரு அதுக்குள்ள கடலுக்குள்ள போயிருக்கும். பின்னால கண்டுபிடிச்சிரலாம்னு நெனச்சேன்."

"நான் கெஞ்சினப்ப சொல்லியிருக்கலாமே நீ," என்றேன். அவரை நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கடப்பாரையால அப்பவே ஒடச்சிருப்பாங்களே."

அவர் அழுதார். எனக்கு அதைப் பார்க்க நேரம் இல்லை. அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. சவேரியைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்ணே, ஒடைங்க. காலோட சேத்தே ஒடைங்க."

பனிமயம் அக்கா தன் சேலைத் தலைப்பைச் சுருட்டி என் வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். என் முகத்தைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அக்காவின் போன் எப்போதோ தண்ணீரில் போயிருந்தது, சவேரியுடையதும் போனது. கடப்பாரை எத்தனை தடவை இறங்கியது என்று தெரியாது. நான் வெளியே வந்தேன். முழுசாக வரவில்லை.

ஜீப்பின் பின்பக்கத்தில் அக்காவும் சவேரியும் என்னைப் பிடித்துக்கொள்ள, ஆதி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னதெல்லாம் எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. தெளிவாகப் பேசினார். பிறகு மயங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆதி இருந்தார். போர்வை இடது பக்கம் தட்டையாக இருந்ததை இரண்டு பேரும் பார்க்காமல் பேசினோம்.

"இதே சாந்த ஏழு கரையில போட்டிருக்கோம் கனி. இது வெளிய தெரிஞ்சா அங்க எல்லாம் கலவரமாயிரும். ஜனங்க வீட்ட விட்டுட்டு ஓடுவாங்க."

"வெளிய போயிரு ஆதி," என்றேன்.

என் கால் போனதற்காக அவரை மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது அவரை நினைத்து நான் பெருமைப்பட்டேனே, அதை அவர் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாரே, அதை மன்னிக்க எனக்குத் தெரியவில்லை.

காலையில் ஊருக்குப் போயிருந்த பனிமயம் அக்கா சாயங்காலம் திரும்பி வந்தார். கண் வீங்கியிருந்தது. வீடுகள் என்ன ஆயின என்று கேட்கப் பயந்து பயந்து கேட்டேன்.

"ஒரு ஓடு விழல பிள்ள. கடல் வந்து ராத்திரி முழுக்க மோதிருக்கு, சுவர் அசையல."

"அப்ப எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒங்கூட வந்துட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்ட தம்பி ஊருக்கும் சொல்லிருப்பாருன்னு இருந்துட்டோம். குடுவையில தண்ணின்னு மேட்டுல நிக்கிறவியளுக்கு யாரு சொன்னா? சுவர் எப்பக் கரையும், வீடு எப்பப் போகும்னு பாத்துட்டே உக்காந்துருக்காவ. கரையவே இல்ல. மொதல்ல எம்மகதான் அழுதிருக்கா. சுவர் நிக்குன்னா மருந்து ஊத்தலன்னு அர்த்தம், ஊத்தலன்னா அந்தப் பொம்பள முடிஞ்சு போனான்னு அர்த்தம்னு. விடிஞ்சும் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. நான் போறப்போ கோயில்ல ஒனக்குத் துக்கமணி அடிச்சிட்டு இருந்தாவ. வீடு தப்பிச்சிட்டேன்னு ஒருத்தர் மொகத்துலயும் சந்தோசம் இல்ல."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஊர் போகட்டும் என்று சொன்னவள் நான்.

"நீ உசுரோட இருக்கன்னு மட்டும் சொல்லிட்டேன். குடுவை சமாச்சாரத்த நான் சொல்லப்போறதில்ல," என்றார் அக்கா. "எந்திரிச்சி நடமாட்டம் வந்ததும் நீயே வந்து நின்னு சொல்லு. மொதல்ல அவிய ஒன்ன உசுரோட பாக்கட்டும்."

வெளியே வராந்தாவில் ஆதி யாருடனோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவருடைய போன் மட்டும் நனையவே இல்லை. அந்த ராத்திரி முழுக்க அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.